கொலம்பியா, மேரிலாந்து

கொலம்பியா என்பது ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஹவார்ட் கவுண்டியில் அமைந்துள்ள ஒரு திட்டமிட்ட புறநகர்க் குடியிருப்பு ஆகும். பால்டிமோர், வாஷிங்டன் டி.சி. ஆகிய இரு பெருநகரங்களுக்கும் இடையில் இது அமைந்துள்ளது. ஜேம்ஸ் ரௌஸ் (1914–1996) என்னும் கட்டுமானத் தொழில் முனைவரின் முயற்சியால் உருவான இக்குடியிருப்பு 1967 ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று திறந்துவைக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 1,04,681 பேர் வாழ்ந்தனர். மேரிலாந்தில் பால்டிமோருக்கு அடுத்தபடியாக மக்கள்தொகை மிகுந்த இடம் இதுவே. எனினும் சட்டப்படி கொலம்பியா ஒரு நகரம் அன்று. இதற்கு நகராட்சியும் இல்லை, நகரத் தந்தையும் இல்லை.

கறுப்பின மக்களுக்கு வீடு விற்க மறுப்பது அமெரிக்கப் புறநகர்களில் வழக்கமாக இருந்த காலத்தில், எல்லா இனத்தவருக்கும் வீடு விற்கப்படும் என்னும் கொள்கையுடன் தொடங்கப்பட்டதே கொலம்பியாவின் வரலாற்று முக்கியத்துவத்திற்குக் காரணமாகும்.

பின்னணி

இரண்டாம் உலகப்போர் முடிந்து படைவீரர்கள் நாடு திரும்பிய பின்னர் அமெரிக்காவில் வீடுகளுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அரசு உறுதியளித்த வீட்டுக்கடன், மலிவான தானுந்து, புதிய நெடுஞ்சாலைகள் ஆகியவை சேர்ந்து நகரங்களைச் சுற்றியிருந்த வயல்வெளிகளைக் குடியிருப்புகளாக மாற்றின. இவற்றுள் மிகவும் அறியப்பட்டது நியூயார்க்கின் லாங் தீவில் 1947 இல் தொடங்கப்பட்ட லெவிட்டவுன் ஆகும். தொழிற்சாலையில் பொருள் செய்வதுபோல ஒரே அச்சில் 17,000 க்கும் மேற்பட்ட வீடுகளை லெவிட் நிறுவனம் அங்கு கட்டியது. வெள்ளையர் அல்லாதோர் அவ்வீடுகளில் குடியிருக்கக் கூடாது என்பது தொடக்ககால ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருந்த விதி. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என 1948 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் வழக்கம் மாறவில்லை. பென்சில்வேனியாவில் இருந்த லெவிட்டவுனில் 1957 இல் மையர்ஸ் என்னும் கறுப்பினக் குடும்பம் குடியேறியபோது, வீட்டின் முன் நாள்கணக்கில் கும்பல் கூடிக் கல்லெறிந்தது. மாநிலக் காவல்துறை தலையிட வேண்டியதாயிற்று.

புறநகர்களைப் பற்றிய மற்றொரு குறை, அவை ஊர்களாகவே இல்லை என்பது. வீடுகள் இருந்தன, ஆனால் வேலை, நூலகம், மருத்துவமனை, கூடும் இடம் எதுவும் அருகில் இல்லை. ரௌஸ் இவ்விரண்டாவது குறையிலிருந்தே தம் சிந்தனையைத் தொடங்கினார் எனலாம். அடமானக் கடன் வணிகத்தில் தொடங்கி வணிக வளாகங்கள் கட்டும் தொழிலுக்கு வந்தவர் அவர். 1958 இல் பால்டிமோருக்கு அருகில் திறக்கப்பட்ட ஹாரண்டேல் வளாகம் கூரையிட்ட வணிக வளாகங்களுள் முன்னோடியான ஒன்று. அடுத்து, பால்டிமோர் நகருக்குள் கிராஸ் கீஸ் என்னும் சிறு குடியிருப்பை அமைத்தார். ஒரு முழு ஊரையே கட்டலாம் என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது.

நிலம் வாங்கப்பட்ட முறை

ஹவார்ட் கவுண்டி 1960 இல் ஏறத்தாழ 36,000 பேர் மட்டுமே வாழ்ந்த வேளாண் பகுதி. அடிமை முறை நிலவிய காலத்துப் பண்ணை மாளிகைகள் சில அங்கு எஞ்சியிருந்தன. இரு பெருநகரங்களின் வளர்ச்சியும் அப்பகுதியை நோக்கி வந்துகொண்டிருந்ததை ரௌஸ் கணித்திருந்தார்.

பெரும் நிலப்பரப்பை ஒருவரே வாங்குகிறார் என்பது தெரிந்தால் விலை பன்மடங்கு ஏறிவிடும். ஆகவே நிலம் முழுவதும் மறைமுகமாகவே வாங்கப்பட்டது. 1962 இன் இறுதியில் தொடங்கி, வெவ்வேறு பெயர்களில் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களின் வாயிலாக வழக்கறிஞர்களும் முகவர்களும் பண்ணை பண்ணையாகப் பேரம் பேசினர். வாங்குபவர் யார் என்பது விற்பவருக்கு மட்டுமன்றி, பேரம் பேசியவர்களுள் சிலருக்கும் தெரியாது. ஊரில் வதந்திகள் பரவின. சோவியத் உளவாளிகள் வாங்குகிறார்கள் என்றனர் சிலர். தானுந்துத் தொழிற்சாலை வரப்போகிறது என்றனர் வேறு சிலர். குப்பைக் கிடங்கு என்ற பேச்சும் இருந்தது. ஓராண்டுக்குள் 140 க்கும் மேற்பட்ட தனித்தனி ஒப்பந்தங்கள் வழியாக ஏறத்தாழ 14,000 ஏக்கர் கைக்கு வந்தது. இது கவுண்டியின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சராசரி விலை ஏக்கருக்குச் சுமார் 1,500 டாலர்.

இதற்கான பணத்தைக் கனெக்டிகட் ஜெனரல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அளித்தது. அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த ஃபிரேசர் வைல்டின் பெயரே பின்னர் முதல் ஏரிக்கும் முதல் கிராமத்திற்கும் சூட்டப்பட்டது.

1963 அக்டோபர் இறுதியில் ரௌஸ் கவுண்டி ஆணையர்களைச் சந்தித்து, நிலம் வாங்கியவர் தாமே என்று அறிவித்தார். அவ்வாணையர் மூவரும் ஓராண்டுக்கு முன்புதான், வேகமான நகர வளர்ச்சியைத் தடுப்போம் என்று கூறித் தேர்தலில் வென்றவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. எப்படியும் வளர்ச்சி வரும், அது சிதறிய வீட்டு மனைகளாக வரவேண்டுமா அல்லது ஒழுங்கான ஊராக வரவேண்டுமா என்பதுதான் கேள்வி என ரௌஸ் வாதிட்டார். 1964 நவம்பரில் திட்டம் மக்கள் முன் வைக்கப்பட்டது. 1965 ஆகஸ்டில் ‘புதுநகர்’ என்னும் தனி நிலப் பயன்பாட்டு வகைப்பாட்டிற்குக் கவுண்டி ஒப்புதல் அளித்தது.

எல்லா விவசாயிகளும் நிலத்தை விற்கவில்லை. ஆகையால் கொலம்பியாவின் வரைபடத்தை உற்றுநோக்கினால் அதன் நடுவே ஆங்காங்கே துளைகள்போலச் சில நிலங்களைக் காணலாம். அவை கொலம்பியாவின் விதிகளுக்கும் கட்டணங்களுக்கும் உட்படாதவை. பின்னாளில் வேறு கட்டுமான நிறுவனங்கள் அவற்றில் வீடுகள் கட்டின.

திட்டமிடல்

ஊரைத் திட்டமிடும் பணியை வரைபடக் கலைஞர்களிடம் மட்டும் ஒப்படைக்காமல், 1963–64 இல் பதினான்கு வல்லுநர்கள் கொண்ட குழு ஒன்றை ரௌஸ் கூட்டினார். கல்வி, உடல்நலம், குடும்ப வாழ்வு, உள்ளாட்சி, போக்குவரத்து எனப் பல துறையினர் அதில் இருந்தனர். சமூக உளவியலாளர் டொனால்ட் மைக்கேல் குழுவை வழிநடத்தினார். சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் உறுப்பினர்களுள் ஒருவர். இவர் நியூ ஜெர்சி லெவிட்டவுனில் தாமே குடியிருந்து அம்மக்களின் வாழ்க்கையை ஆய்வு செய்தவர். திட்ட வடிவமைப்பை மார்ட்டன் ஹாப்பென்ஃபெல்ட் மேற்கொண்டார்.

திட்டத்திற்கு நான்கு குறிக்கோள்கள் வகுக்கப்பட்டன. வெறும் புறநகராக அல்லாமல் முழுமையான நகரத்தை உருவாக்குவது, நிலத்தின் இயல்பைப் போற்றுவது, மனிதர்கள் வளர்வதற்கேற்ற சூழலை அமைப்பது ஆகிய மூன்றுடன் இலாபம் ஈட்டுவதும் நான்காவதாக வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. இலாபம் தராத முன்மாதிரியை வேறு எவரும் பின்பற்றமாட்டார்கள் என்பது ரௌஸின் கருத்து. இலட்சியக் குடியிருப்புகள் பலவற்றின் அறிக்கைகளில் இல்லாத இந்நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும் பின்னாளில் எழுந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இந்த நான்காவது குறிக்கோளிலேயே இருக்கிறது. வரவு செலவைக் கணிக்க அக்காலத்திலேயே கணினி வழிப் பொருளாதார மாதிரி ஒன்று பயன்படுத்தப்பட்டது. வீடு விற்பனையின் வேகம் சற்றுக் குறைந்தாலும் கடன் சுமை எவ்வளவு கூடும் என்பதை அது காட்டியது.

ஊரின் அமைப்பு

கொலம்பியா பத்துப் பகுதிகளைக் கொண்டது. வைல்ட் லேக், ஹார்ப்பர்ஸ் சாய்ஸ், ஓக்லாண்ட் மில்ஸ், லாங் ரீச், ஓவன் பிரவுன், ஹிக்கரி ரிட்ஜ், கிங்ஸ் கன்ட்ரைவன்ஸ், டார்சிஸ் சர்ச், ரிவர் ஹில் ஆகிய ஒன்பது கிராமங்களும் நடுவே நகர மையமும் அவை. ‘கிராமம்’ என்ற சொல் இங்கு வேளாண் சிற்றூரைக் குறிப்பதன்று. 10,000 முதல் 15,000 பேர் வரை வாழும் நகர்ப்புற அலகு ஒன்றையே குறிக்கிறது.

ஒவ்வொரு கிராமமும் சில சுற்றுப்புறங்களாகப் பிரிக்கப்பட்டது. சுற்றுப்புறத்தின் நடுவே தொடக்கப்பள்ளி, நீச்சல் குளம், சிறு கடை ஆகியவையும், கிராமத்தின் நடுவே பேரங்காடி, உயர்நிலைக் கல்வி நிலையம், சமூகக் கூடம் ஆகியவையும் அமையவேண்டும் என்பது திட்டம். குழந்தை நெடுஞ்சாலையைக் கடக்காமல் பள்ளிக்கு நடந்து செல்லவேண்டும் என்பது இதன் அடிப்படை. தனி வீடு, வரிசை வீடு, அடுக்ககம் ஆகிய மூன்றும் ஒரே சுற்றுப்புறத்திற்குள் அடுத்தடுத்துக் கட்டப்பட்டன. இதனால் வெவ்வேறு வருமானம் உடையோரின் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிப்பர் என எதிர்பார்க்கப்பட்டது.

சிறிய விவரங்களிலும் இந்நோக்கம் செயற்பட்டது. அஞ்சல் பெட்டிகள் வீட்டு வாயிலில் வைக்கப்படாமல் பல வீடுகளுக்குப் பொதுவாகத் தெருவில் ஒரே இடத்தில் வைக்கப்பட்டன. கடிதம் எடுக்க வரும் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவர் என்பது எண்ணம். மின்கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் நிலத்தடியில் பதிக்கப்பட்டன. ஓடைகளை அணையிட்டு ஏரிகள் உருவாக்கப்பட்டன. வைல்ட் ஏரி, கிட்டமகுண்டி ஏரி, எல்க்ஹார்ன் ஏரி ஆகியவை இவ்வாறு உருவானவையே. கவுண்டியில் ஏற்கெனவே உள்ள தெருப்பெயர்கள் திரும்ப வரக்கூடாது என்பதால் தெருக்களுக்கு இலக்கியங்களிலிருந்து பெயர்கள் எடுக்கப்பட்டன. பிரையன்ட் வுட்ஸ் என்னும் சுற்றுப்புறம் கவிஞர் வில்லியம் கலன் பிரையன்டையும், ஹாபிட்ஸ் கிளென் டோல்கீனின் கதைகளையும் நினைவூட்டுவன. இதனால் வழி தேடும் புதியவர்கள் படும் பாடு கொலம்பியாவில் நெடுநாள் வேடிக்கைப் பேச்சாக இருந்து வருகிறது.

வழிபாட்டிடங்களிலும் புதுமை செய்யப்பட்டது. ஒவ்வொரு சமயப் பிரிவும் தனிக் கட்டடம் எழுப்புவதற்கு மாறாக, கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தினர், யூதர் ஆகியோர் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொள்ளும் பல்சமய மையங்கள் அமைக்கப்பட்டன. முதலாவது மையம் வைல்ட் லேக்கில் 1970 இல் திறக்கப்பட்டது.

எல்லாப் புதுமைகளும் நிலைக்கவில்லை. கிராம மையங்களை இணைக்கும் சிற்றுந்துச் சேவை திட்டத்தின் முக்கியப் பகுதியாக இருந்தது. ஆனால் அடர்த்தி குறைந்த குடியிருப்பில் பேருந்துக்குப் போதிய பயணிகள் சேரவில்லை. மக்கள் தானுந்தையே நம்பினர். சுவரில்லாத திறந்த வகுப்பறைகளுடன் கட்டப்பட்ட பள்ளிகள் இரைச்சலால் பயனற்றுப்போக, பின்னர் சுவர்கள் எழுப்பப்பட்டன. வைல்ட் லேக் உயர்நிலைப் பள்ளியின் முதல் கட்டடம் 1990 களில் இடிக்கப்பட்டு 1996 இல் புதிதாகக் கட்டப்பட்டது.

இன ஒருங்கிணைப்பு

வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் கூட்டரசுச் சட்டம் 1968 ஏப்ரலில்தான் நிறைவேறியது. கொலம்பியாவின் முதல் குடிகள் 1967 கோடையிலேயே குடியேறத் தொடங்கிவிட்டனர். அதாவது சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு முன்பே இங்கு வீடுகள் எல்லோருக்கும் விற்கப்பட்டன. ஹவார்ட் கவுண்டியின் பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை 1965 வரை முழுமையாக நீங்கியிருக்கவில்லை என்பதையும், கலப்பு மணத்தைத் தடை செய்யும் சட்டத்தை மேரிலாந்து 1967 இல்தான் நீக்கியது என்பதையும் நோக்கினால் இம்முடிவின் துணிவு விளங்கும்.

தனித்தனிக் கட்டுமான நிறுவனங்களே வீடுகளைக் கட்டி விற்றன. எந்த இனத்தவர் வந்தாலும் எந்த வீட்டையும் காட்டவேண்டும் என்ற நிபந்தனையை ரௌஸ் நிறுவனம் அவற்றுக்கு விதித்தது. கறுப்பின நடுத்தர வகுப்பினர் பலர், வீடு தேடும்போது அவமதிப்புக்கு உள்ளாகாத இடம் என்பதாலேயே கொலம்பியாவைத் தேர்ந்தெடுத்தனர். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் வெள்ளையர் ஏறத்தாழ 55 விழுக்காடும், கறுப்பினத்தவர் 25 விழுக்காடும், ஆசியர் 11 விழுக்காடும் இருந்தனர்.

வருமான வேறுபாட்டைக் கடப்பதில் இதே அளவு வெற்றி கிடைக்கவில்லை. சமய அமைப்புகள் இணைந்து தொடங்கிய வீட்டுவசதி அமைப்பு, கூட்டரசு உதவியுடன் ஏறத்தாழ 300 குறைந்த வாடகை வீடுகளைத் தொடக்க ஆண்டுகளில் கட்டியது. அவை ஒரே இடத்தில் குவிக்கப்படாமல் பல இடங்களில் பரவலாக அமைக்கப்பட்டன. ஆனால் ஊரின் பெயர் உயர உயர நிலத்தின் விலையும் உயர்ந்தது. ஆலையில் வேலை செய்பவரும் ஆலையை நடத்துபவரும் ஒரே ஊரில் வாழவேண்டும் என்ற ரௌஸின் விருப்பம், நான்காவது குறிக்கோளுடன் மோதியது இங்கேதான்.

பொருளாதார நெருக்கடி

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் 1,10,000 பேர் என்பது தொடக்க காலக் கணிப்பு. முதல் ஆண்டுகளில் விற்பனை சிறப்பாகவே நடந்தது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வாங்கி வீட்டுப் பயன்பாட்டுக் கருவிகள் செய்யும் ஆலையை நிறுவியது. 1971 ஆகஸ்டில் நகர மையத்தில் பெரிய வணிக வளாகம் திறக்கப்பட்டது. 1973–75 பொருளாதாரத் தேக்கத்தின்போது வட்டி வீதம் ஏறி, வீடு வாங்குவோர் குறைந்தனர். நிலத்திற்கும் சாலைக்கும் குழாய்களுக்கும் முன்கூட்டியே செலவிட்ட பணத்திற்கான வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. கடன் மறுசீரமைக்கப்பட்டதால் திட்டம் தப்பியது. காப்பீட்டு நிறுவனத்தின் பங்கை 1985 இல் ரௌஸ் நிறுவனம் 12 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஜெனரல் எலக்ட்ரிக் ஆலை 1990 இல் மூடப்பட்டது.

அக்காலத்துப் பிற புதுநகரங்களோடு ஒப்பிட்டால் கொலம்பியா பிழைத்ததே பெரிது எனலாம். வர்ஜீனியாவில் 1964 இல் ராபர்ட் சைமன் தொடங்கிய ரெஸ்டனில், பணம் அளித்த கல்ஃப் எண்ணெய் நிறுவனம் 1967 இல் நிறுவனரையே வெளியேற்றியது. 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கூட்டரசு கடன் உறுதியளித்த புதுநகரங்களுள் பெரும்பாலானவை பத்தாண்டுகளுக்குள் நொடித்துப்போயின.

மக்கள்தொகை வளர்ச்சி இதனைத் தெளிவாகக் காட்டுகிறது: 1970 இல் 8,815, 1980 இல் 52,518, 1990 இல் 75,883, 2000 இல் 88,254, 2010 இல் 99,615. ஓர் இலட்சத்தைத் தாண்ட அரை நூற்றாண்டு ஆயிற்று.

நிர்வாகம்

காவல், பள்ளி, சாலை முதலியவற்றைக் கவுண்டி அரசே கவனிக்கிறது. பூங்கா, ஏரி, நீச்சல் குளம், நடைபாதை ஆகியவற்றைக் கொலம்பியா சங்கம் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு பராமரிக்கிறது. 1965 இல் நிறுவப்பட்ட இச்சங்கத்திடம் ஏறத்தாழ 3,600 ஏக்கர் திறந்தவெளி உள்ளது. வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் சொத்து மதிப்பிற்கேற்ப ஆண்டுக் கட்டணம் செலுத்தவேண்டும். இது வீட்டுப் பத்திரத்தோடு பிணைக்கப்பட்ட கடப்பாடு என்பதால் விலக முடியாது. வீட்டின் வெளிப்புற நிறத்தை மாற்றக்கூட ஒப்புதல் பெறவேண்டும்.

வரிபோன்ற கட்டணத்தை வசூலிக்கும் இவ்வமைப்பு அரசு அன்று என்பதே இதன் முரண். தொடக்கத்தில் சங்கத்தின் ஆட்சிக்குழு கட்டுமான நிறுவனத்தின் கையில் இருந்தது. வீடுகளின் எண்ணிக்கை கூடக்கூட இடங்கள் படிப்படியாகக் குடிமக்களுக்கு மாறின. 1980 களின் தொடக்கத்தில்தான் முழுப் பொறுப்பும் அவர்களை அடைந்தது. தனி நகராட்சி வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுந்தும் நிறைவேறவில்லை.

பிற்கால மாற்றங்கள்

1990 இல் தொடங்கப்பட்ட ரிவர் ஹில் கடைசிக் கிராமம் ஆகும். பெரிய தனி வீடுகள் மிகுந்த இக்கிராமம் முந்தைய கிராமங்களைவிட வசதி படைத்தது. அதே காலத்தில், நெடுஞ்சாலையோரம் பெருங்கடைகள் வந்ததால் பழைய கிராம மையங்கள் நலிந்தன. வைல்ட் லேக் மையத்தில் இருந்த பேரங்காடி 2006 இல் மூடப்பட்டது. லாங் ரீச் மையத்தை 2014 இல் கவுண்டி அரசே வாங்க நேர்ந்தது.

ரௌஸ் நிறுவனத்தை 2004 இல் ஜெனரல் குரோத் நிறுவனம் 1,260 கோடி டாலருக்கு வாங்கியது. 2010 இல் கொலம்பியாவின் எஞ்சிய நிலங்கள் அதிலிருந்து பிரிந்த ஹவார்ட் ஹியூஸ் நிறுவனத்திடம் சென்றன. அதே ஆண்டு, நகர மையத்தில் 5,500 புதிய குடியிருப்புகளுக்கு இடமளிக்கும் திட்டத்தைக் கவுண்டி மன்றம் ஏற்றது. ரௌஸ் நிறுவனத்தின் ஏரிக்கரைத் தலைமையகம் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வடிவமைத்தது. 2014 இல் அது ஒரு மளிகைப் பேரங்காடியாக மாறியது. கெரி புகழ்பெறுவதற்கு முன் வடிவமைத்த மற்றொரு கட்டடமான மெரிவெதர் போஸ்ட் திறந்தவெளி அரங்கம் (1967) இன்றும் இசை நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுகிறது.

2016 இல் ‘மணி’ இதழ் அமெரிக்காவில் வாழ்வதற்குச் சிறந்த இடங்களின் பட்டியலில் கொலம்பியாவுக்கு முதலிடம் அளித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2019 இல், ஊரின் அடிப்படைக் கொள்கையையே சோதிக்கும் பூசல் ஒன்று எழுந்தது. வறிய மாணவர்கள் சில பள்ளிகளில் மட்டும் குவிந்திருந்ததால், பள்ளி எல்லைகளை மாற்றியமைக்கக் கவுண்டி பள்ளி நிர்வாகம் முன்வந்தது. ரிவர் ஹில் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவர்களுள் ஒரு பகுதியினரை வைல்ட் லேக் பள்ளிக்கு மாற்றும் யோசனையும் அதில் அடங்கும். பெற்றோர் பலர் பதாகை ஏந்திப் போராடினர். குழந்தைகளின் பயண நேரமும் நட்பும் பாதிக்கப்படும் என்றனர் எதிர்த்தோர். கொலம்பியா எதற்காகக் கட்டப்பட்டது என்பதை நினைவூட்டினர் ஆதரித்தோர். மாற்றங்களுடன் கூடிய திட்டம் அவ்வாண்டு நவம்பரில் ஏற்கப்பட்டது.

பிற தகவல்கள்

ரௌஸ் பணி ஓய்வுக்குப் பின்னர், 1982 இல், தம் மனைவியுடன் இணைந்து ஏழைகளுக்கு வீடு கட்ட உதவும் என்டர்பிரைஸ் அறக்கட்டளையை நிறுவினார். 1995 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. கொலம்பியாவில் வளர்ந்த நடிகர் எட்வர்ட் நார்ட்டன் அவருடைய பேரன் ஆவார். கொலம்பியாவுடன் உடன்பிறப்பு நகர் உறவு கொண்டவற்றுள் பிரான்சின் செர்ஜி-பொந்துவாஸ், எசுப்பானியாவின் திரெசு கந்தோசு, கானாவின் தேமா ஆகிய மூன்றும் கொலம்பியாவைப் போலவே வரைபடத்திலிருந்து பிறந்த ஊர்கள்.